ஒரே ஒரு செடி மிஞ்சினால் அது பிழைத்த இனமா? ரொட்ரிக்ஸ் தீவின் காட்டுக் காப்பி

இந்தியப் பெருங்கடலில், மொரிசியஸ் நாட்டைச் சேர்ந்த சிறிய தீவு ரொட்ரிக்ஸ். அதன் பரப்பளவு 108 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு செடி அங்கு உண்டு. உள்ளூர் மக்கள் அதைக் ‘காஃபே மாரோன்’, அதாவது காட்டுக் காப்பி என்பார்கள். தாவரவியல் பெயர் ராமோஸ்மேனியா ரொட்ரிகேசி. காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, நம் வீட்டு வாசலில் பூக்கும் இட்லிப்பூவுக்கும் மெங்குடு மரத்துக்கும் உறவு. வெள்ளை நிறத்தில் நட்சத்திரம் போலப் பூக்கும்.

காடுகள் வெட்டப்பட்டன. ஆடுகள் தளிர்களை மேய்ந்தன. வெளியிலிருந்து வந்த செடிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. காட்டுக் காப்பி அழிந்துவிட்டதாகவே பல ஆண்டுகள் நம்பப்பட்டது. 1980 வாக்கில் ஒரு பள்ளி மாணவன் சாலையோரத்தில் இருந்த ஒரு செடியின் கிளையை ஆசிரியரிடம் கொண்டு வந்து காட்டினான். அது அதே காட்டுக் காப்பி. தேடிப் பார்த்ததில் வேறு செடி எதுவும் கிடைக்கவில்லை.

செய்தி பரவியதும் புதிய ஆபத்து வந்தது. மருந்துக்கு ஆகும் என்று நம்பியவர்கள் கிளைகளை ஒடித்துச் சென்றனர். செடியைக் காக்க வேலி போட வேண்டியதாயிற்று. 1986இல் சில தண்டுகள் விமானத்தில் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பப்பட்டன. வேர் பிடித்தது, செடி வளர்ந்தது, பூவும் பூத்தது. ஆனால் காய்க்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2003இல்தான் பூங்காவின் தோட்டக்கலை வல்லுநர் கார்லோஸ் மக்டலேனா, திரும்பத் திரும்ப மகரந்தச் சேர்க்கை செய்து அதைக் காய்க்க வைத்தார். கிடைத்த விதைகள் ரொட்ரிக்ஸ் தீவுக்கும் திரும்பின.

நிலை எப்படி முடிவாகிறது?

அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல், ஓர் இனத்தின் நிலையை ஐந்து அளவுகோல்களால் எடைபோடுகிறது. எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைந்தது? வளரும் பரப்பு எவ்வளவு சிறியது? குறைவாக உள்ள எண்ணிக்கை இன்னும் குறைகிறதா? மொத்தமே மிகக் குறைவா? கணக்கிட்டுப் பார்த்தால் அழியும் வாய்ப்பு எவ்வளவு? இவற்றில் ஒன்றில் எல்லையைத் தொட்டாலே போதும். முதிர்ந்த செடிகள் 50க்கும் குறைவு என்றால், அந்த இனம் ‘மிக அருகிய இனம்’. காட்டுக் காப்பி இந்தப் பிரிவில்தான் உள்ளது.

இங்கே ‘முதிர்ந்தது’ என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. உயரமும் வயதும் கணக்கில்லை. இனத்தைப் பெருக்கும் திறன் வேண்டும். பூங்காவில் நூறு தொட்டிகளில் வளர்ந்தாலும் அவை காட்டுச் செடிகளின் கணக்கில் சேராது. ஓர் இனம் தோட்டங்களில் மட்டுமே மிஞ்சினால், அது ‘இயற்கையில் அழிந்தது’ என்றே குறிக்கப்படும். காட்டில் மீண்டும் நடப்பட்ட கன்றுகளும் உடனே கணக்கில் வராது. அவை தாமே வளரக்கூடிய சந்ததியைத் தந்த பிறகுதான் எண்ணப்படும்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. தண்டு வெட்டி வளர்த்த செடிகள் அனைத்தும் தாய்ச்செடியின் நகல்கள். ஒரு நோய் ஒன்றைக் கொன்றால் மற்றவற்றையும் கொல்லக்கூடும். விதையிலிருந்து முளைத்த கன்றுகளில்தான் வேறுபாடு தோன்றும். ஆனால் காட்டுக் காப்பியின் விதைகளும் ஒரே செடியின் வழிவந்தவை என்பதால், அந்த வேறுபாடும் குறைவே.

சிங்கப்பூர் தன் அரிய உயிரினங்களுக்குச் சிவப்புத் தரவு நூல் வெளியிடுகிறது. மலேசியாவில் தீபகற்பத்தின் மெராந்தி குடும்ப மரங்களுக்கான பட்டியல் 2010இல் வெளிவந்தது. இப்பட்டியல்களில் ஒரு பெயரைப் பார்க்கும்போது, எத்தனை மரங்கள் நிற்கின்றன என்பதோடு நின்றுவிடக்கூடாது. அவற்றின் அடியில் கன்று முளைக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். ரொட்ரிக்ஸ் தீவில் நடப்பட்ட கன்றுகள் யாருடைய கையும் படாமல் காய்த்து, விதை விழுந்து, அடுத்த தலைமுறை முளைக்கும்போதுதான் காட்டுக் காப்பி உண்மையில் பிழைத்ததாகும்.