தலையாட்டினால் சம்மதமா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமங்களில் சில காலம் நுண்கடன் விற்றவன் நான். பயிற்சியில், "பேச்சில் சொல்லின் பங்கு 7 வீதம், குரல் 38, முகபாவம் 55" என்று படிப்பித்தார்கள். அது அல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு. விருப்பு வெறுப்பைச் சொல்லும்போது மட்டுமே அது பொருந்தும் என்று அவரே பின்னர் தெளிவுபடுத்தினார். அதை யாரும் எமக்குச் சொல்லவில்லை.

"தலையாட்டினால் உடனே படிவத்தை நீட்டு" என்றார்கள். எமது ஊரில் தலையாட்டல் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதாகவும் இருக்கும். சோதனைச் சாவடிகளில் பதில் சொல்லிப் பழகியவர்கள், கோப்போடு வருபவர் முன் குனிந்து "ஓம்" என்பார்கள். அது பயம். அதைச் சம்மதமாக எடுத்து ஒப்பம் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது கல்லடியில் துணி விற்கிறேன். விலை சொன்னதும் ஒருவர் சேலைத் தலைப்பைத் திருகினால், பார்வை வாசலுக்குப் போனால், பேச்சை நிறுத்துகிறேன். துணியைத் தானே மறுபடி தடவிப் பார்த்தால்தான் தொடர்கிறேன். சந்தேகமென்றால், "வீட்டில கதைச்சிட்டு வாங்க அக்கா" என்பேன்.

உங்கள் வீட்டுக்கு யாராவது படிவத்தோடு வந்தால், தலையாட்டாதீர்கள். "வச்சிட்டுப் போங்க, வாசிச்சிட்டுச் சொல்றன்" என்று வாய்திறந்து சொல்லுங்கள்.