வலது காலில் கியர்

கொல்லிமலையிலிருந்து காரவள்ளி பக்கம் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வருவது பலருக்கும் பழக்கம். மொத்தம் 70. முப்பதுகளில் எங்கேயோ நான் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன், எதிரே ஒரு பஸ் வளைவை முழுசா அடைச்சுக்கிட்டு ஏறியது. கிளட்சைப் பிடித்தேன், வலது காலை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

என் வண்டியில் வலது கால் பக்கம் பிரேக் கிடையாது, கியர்தான் இருக்கிறது. அந்தக் கியர் மேலே ஒன்று, கீழே மூன்று. அதாவது கீழே அழுத்தினால் அடுத்த பெரிய கியர் விழும். நிறுத்தப் பார்த்தவன் மூன்றாவது கியருக்குப் போய்விட்டேன். முன் பிரேக்கைப் பிடித்து, சுவரோரமாக ஒதுங்கி, எப்படியோ நின்றேன். பஸ் டிரைவர் திட்டக்கூட இல்லை, பாவமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

வண்டி 1988 மாடல் புல்லட் 350. நான் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கற்றுக்கொண்டது மச்சானின் 100 சிசி வண்டியில், அதில் கியர் இடது கால், பிரேக் வலது கால். முப்பத்தேழு வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவன் நேராகப் பழைய புல்லட்டை வாங்கி, பின்னால் பெட்டி கட்டி ஊர் சுற்றக் கிளம்பியது புத்திசாலித்தனமா என்று கேட்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். பழைய புல்லட் மட்டுமே பார்க்கிறவர். நடந்ததைச் சொன்னேன்.

"தம்பி, இதுக்கு ஏன் கஷ்டப்படுறீங்க? குறுக்கால ஒரு ராடு போட்டு கியர இடது பக்கம் கொண்டுவந்துரலாம். பிரேக்க வலது பக்கம் மாத்திரலாம். ரெண்டு நாள் வேலை."

"அண்ணே, ஒரு வாரம் டைம் குடுங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அந்த ஒரு வாரம் படித்ததுதான் இந்தப் பதிவு.

மோட்டார் சைக்கிளின் ஆரம்ப காலத்தில் காலால் கியர் போடும் வழக்கமே இல்லை. பெட்ரோல் டேங்க் ஓரத்தில் ஒரு கைப்பிடி இருக்கும், ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து மாற்ற வேண்டும். 1920-களின் கடைசியில் வெலோசெட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி, ஒரு மிதிக்கு ஒரே ஒரு கியர் நகரும் அமைப்பைக் கொண்டுவந்தது. பந்தயத்துக்காகச் செய்தது, பிறகு எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் கம்பெனிகள் பெரும்பாலும் கியரை வலது பக்கம் வைத்தன. ஜெர்மன், ஜப்பான் வண்டிகள் இடது பக்கம். எந்தப் பக்கம் சரி என்று யாரும் சட்டம் போடவில்லை. அந்தந்த ஊர்க்காரர்கள் அந்தந்தப் பழக்கத்தில் ஓட்டினார்கள்.

புல்லட் பிரிட்டிஷ் பிள்ளை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர், அங்கே முதலில் ஊசி செய்துகொண்டிருந்த கம்பெனியிலிருந்து வளர்ந்ததுதான் ராயல் என்ஃபீல்ட். இன்று நாம் பார்க்கும் புல்லட்டின் உருவம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் அப்போது பலருக்கும் புதுசு. 1948-இல் இத்தாலியில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில் இந்த வண்டிகள் தங்கப் பதக்கம் வாங்கின. கரடுமுரடான பாதையில் நாள் முழுக்க ஓடுவதுதான் அந்தப் போட்டி. ஆக, இது பிறவியிலேயே நெடுந்தூர வண்டி, கல்யாண ஊர்வல வண்டி பிறகுதான் ஆனது.

இந்திய ராணுவத்துக்கும் எல்லை ரோந்துக்கு அப்படி ஒன்றுதான் தேவைப்பட்டது. 1950-களின் முன்பாதியில் 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் போனது. 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை நம்ம திருவொற்றியூரில். முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு படிப்படியாக எல்லாவற்றையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, நாலு கியர், அதுவும் வலது பக்கம். இந்தக் கணக்கு பல பத்தாண்டுகளுக்கு மாறவே இல்லை.

ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது, சில வருடங்களில் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே இல்லாமல் போனது. 1977-இல் சென்னையிலிருந்து புல்லட்டுகள் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறின. அந்த வருடத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இதற்கு நடுவில் அமெரிக்கா ஒரு வேலை செய்தது. 1974 செப்டம்பருக்குப் பிறகு அங்கே விற்கும் மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில்தான் இருக்க வேண்டும் என்று விதி போட்டது. காரணம் எளிமையானது: ஒரு வண்டியில் பழகியவன் இன்னொரு வண்டியில் ஏறி, அவசரத்தில் தப்பான காலை அழுத்துகிறான். அதாவது, நான் கொல்லிமலையில் செய்ததை.

அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்த பிரிட்டிஷ் கம்பெனிகள் அவசர அவசரமாக மாறின. நார்ட்டன் கமாண்டோவின் 1975 மாடலில் கியர் இடது பக்கம் வந்தது. எனக்கு ஆச்சரியம் ஹார்லி டேவிட்சன்தான். அமெரிக்கக் கம்பெனி, ஆனாலும் அவர்களின் ஸ்போர்ட்ஸ்டரில் அதுவரை வலது கியர். 1975, 76 மாடல்களில் கியர்பாக்ஸை மாற்ற நேரம் இல்லாமல், ராடுகளைக் குறுக்கே ஓட்டி இடது பக்கம் கொண்டுவந்தார்கள். முறையாக மாற்றியது 1977-இல்தான். நம்ம மெக்கானிக் அண்ணன் "ரெண்டு நாள் வேலை" என்று சொன்ன அதே வைத்தியத்தைத்தான் ஹார்லியும் செய்திருக்கிறது.

என்ஃபீல்ட் இந்தியாவுக்கு அந்த அவசரம் இல்லை. 1994-இல் ஐஷர் கையில் போன பிறகும் வலது கியர் தொடர்ந்தது. காஸ்ட் அயர்ன் எஞ்சின் 2010 வாக்கில் நின்றபோதுதான் இந்த வழக்கமும் முடிந்தது. திருவொற்றியூரில் தலைமுறை தலைமுறையாக வலது காலால் கியர் போட்டவர்கள் இருந்தார்கள், போலீஸும் ராணுவமும் அதிலேயே பழகியிருந்தன. அந்தப் பழக்கத்தின் பாரம்தான் மாற்றத்தைத் தள்ளிப்போட்டது என்பது என் யூகம்.

இதைப் படித்த பிறகு என் வண்டியையே வேறு கண்ணால் பார்த்தேன். டேங்கில் "ராயல் என்ஃபீல்ட்" என்று தங்க எழுத்து. ஆனால் 88-இல் கம்பெனி பெயர் என்ஃபீல்ட் இந்தியா. "ராயல்" கம்பெனி பெயரில் மறுபடி ஏறியது ஐஷர் வந்த பிறகு. அப்போ ஒன்று ஸ்டிக்கர் புதுசு, இல்லை டேங்கே வேறு வண்டியுடையது. சைலன்சர் நிச்சயமாக வெளியில் வாங்கியது, அந்தச் சத்தத்துக்கு எந்த நாளும் அபராதம் கட்டலாம். கேரியரை யாரோ வெல்டிங் செய்திருக்கிறார். சாரி கார்டு மட்டும் தொடாமல் இருக்கிறது (பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி, அதனால்தான் அது இன்னும் இருக்கிறது). எனக்கு விற்ற சார் மூன்றாவது ஓனர். அவரிடம் போனில் கேட்டேன்.

"டேங்க் புதுப்பேட்டைல மாத்துனது தம்பி. கேரியர் எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டது. கியர மட்டும் யாரும் தொடல."

நல்லவேளையாக எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்சியோடு ஒத்துப்போகின்றன. பழைய புல்லட் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், பெயின்டை அல்ல. ஒரு காலத்தில் புல்லட்டில் டீசல் எஞ்சினைத் தூக்கி வைப்பது சாதாரணம். இன்று அந்த மாதிரி வண்டி கிடைத்தால், ஆர்சியில் பெட்ரோல், கையில் டீசல் என்று மாட்டிக்கொள்வீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றியதுதான், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது. என் விஷயத்துக்குச் சட்டத்தில் விடை தேடினேன். கியர் எந்தக் காலில் என்று என் ஆர்சியில் ஒரு கட்டமே இல்லை.

எனவே முடிவு என் கையில்தான். மாற்றிய வண்டி ஒன்றை அண்ணனிடமே வாங்கி ஓட்டிப் பார்த்தேன். ராடும் மூட்டும் சேர்ந்து கியரில் ஒரு தளர்ச்சி, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு முறை காலியாக நின்றது. பிரேக் கம்பி நீளமாகி, மிதித்தால் மெத்தையை மிதித்த மாதிரி இருந்தது. வலது காலின் பழக்கத்தைச் சரிசெய்யப் போய் பிரேக்கைக் கெடுத்துக்கொள்வதா?

இன்னொன்றும் உண்டு. இந்த வண்டியில் வலது பக்கத்துக்கு நிறைய வேலை. கிக்கர் அங்கேதான். கியர் லீவருக்குப் பக்கத்திலேயே குதிகாலால் அழுத்த இன்னொரு குட்டி லீவர், நாலாவது கியரிலிருந்தும் ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும். சிக்னலில் அதைத் தட்டிவிட்டு நிற்கும் சுகத்தை விட எனக்கு மனம் வரவில்லை. இது வரலாறு இல்லை, ஆசை. ஒத்துக்கொள்கிறேன்.

"அப்படியே இருக்கட்டும்ணே" என்றேன். பதிலுக்கு மற்ற வேலைகள் நடந்தன: சத்தமான சைலன்சர் போய் ஒரிஜினல் மாதிரி நீளமானது வந்தது, இரண்டு பிரேக்குக்கும் புது ஷூ, ஹெட்லைட்டுக்கு ரிலே, கேரியரின் விரிசல் விட்ட மூலையில் மறுபடி வெல்டிங்.

மச்சான் வண்டியை இப்போது தொடுவதில்லை. இரண்டு பழக்கம் ஒரே காலில் வேண்டாம் என்று. தினமும் காலையில் ஆறு மணிக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில் இருபது நிமிடம், மனைவி திடீரென்று "பிரேக்!" என்று கத்துவாள். நான் இடது காலை அழுத்த வேண்டும். போன வாரம் நாற்பது தடவையில் ஒரு தடவைதான் "டக்" சத்தம் கேட்டது. அது ஒரு தடவைகூட இல்லாமல் போகும்வரை மலைப் பக்கம் வண்டியைத் திருப்பப் போவதில்லை.