பணியிட நலவாழ்வு அளவீடு: ஓசூர், கிருஷ்ணகிரி தொழில் வட்டாரம்

வேலை ஒருவரின் உடலையும் மனத்தையும் எப்படி வைத்திருக்கிறது என்பதைக் கேள்விகளாலும் பரிசோதனைகளாலும் கணித்து, குறை தெரிந்த இடத்தில் வேலைமுறையைத் திருத்துவதே பணியிட நலவாழ்வு அளவீடு. விபத்துக் கணக்கும் விடுப்புக் கணக்கும் தொழிற்சாலைகளுக்குப் பழகியவை. தூக்கத்தையும் மனச்சோர்வையும் எண்ணில் பார்க்கும் வழக்கம் பிந்தியே வந்தது.

பெங்களூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள ஓசூரில் அரசின் சிப்காட் தொழில் வளாகம் 1970களில் உருவானது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகள் 1980களில் வேரூன்றின. பிறகு கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக் ஆலை வந்தது. டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை பல்லாயிரம் இளம்பெண்களை விடுதி வாழ்க்கைக்கு அழைத்து வந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் இந்த வட்டாரத்தில் இப்போது இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன. தமிழில் மட்டும் அச்சடித்த வினாப்பட்டியல் இங்கே எல்லோரையும் எட்டாது.

மனநலத்தை அளக்க எளிய கருவி, உலக சுகாதார நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஐந்து கேள்விப் பட்டியல். கடந்த இரண்டு வாரங்களில் மனமகிழ்ச்சி, அமைதி, சுறுசுறுப்பு, விழிக்கும்போது புத்துணர்வு, அன்றாடத்தில் ஈடுபாடு ஆகியவை எந்த அளவு இருந்தன என்பதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகையை 4ஆல் பெருக்க வேண்டும். ஒருவர் 3, 2, 3, 1, 2 என்று குறித்தால் மொத்தம் 11, மதிப்பு 44. மதிப்பு 50 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மனச்சோர்வு உள்ளதா என்று மேலும் பரிசோதிப்பது வழக்கம். அந்த 1 புத்துணர்வுக் கேள்விக்குரியது என்றால் முதலில் ஷிப்ட் அட்டவணையைப் பார்க்க வேண்டும். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் கம்பெனி பஸ்ஸில் இறங்கி, நான்கு பேர் தங்கும் தகரக்கூரை அறையில் பகல் வெயிலில் தூங்குபவருக்கு யோகா வகுப்பு மருந்தாகாது.

உடல்நல அளவீட்டில் இந்த மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதன் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை 2024இல் தொழிற்சாலைகளுக்குள்ளும் விரிந்தது.

சட்டமும் நலவாழ்வைத் தொட்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், ஓ.டி.க்கு இரட்டைக் கூலி, 500 தொழிலாளர் உள்ள ஆலையில் நல அலுவலர் என விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் நல அலுவலருக்கான வரம்பு 250. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரலில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது.

பலன் தரும் திருத்தங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை: தொடர் இரவுகளைக் குறைப்பது, ஷிப்டைக் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் மாற்றுவது, ஓய்வு நேரத்தை டார்கெட்டுக்காகப் பறிக்காமலிருப்பது. அளவீட்டை நடத்தும்போது பதில் தாளில் பெயர் இருக்கக் கூடாது. சூப்பர்வைசர் கையில் அது போகவும் கூடாது. நிரந்தரத் தொழிலாளரிடம் மட்டும் கேட்டு, அதே லைனில் நிற்கும் கான்ட்ராக்ட் ஆட்களை விட்டுவிடும் கணக்கெடுப்பை ஆலையின் நலவாழ்வு நிலவரம் என்று ஏற்க முடியாது. மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண்ணில் ‘டெலி மானஸ்’ 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேசலாம்.