பெயரும் பழியும்: அமைதிக்கால ஹெலிகாப்டர் விபத்துகளில் மாண்ட விமானப்படையினர்

போரில் மாண்டவருக்கு நடுகல் எழுப்ப எந்த அரசும் தயங்குவதில்லை. அமைதிக்காலத்தில் பணியின்போது ஹெலிகாப்டர் விழுந்து இறந்தவரின் நிலை வேறு. அவர் பெயரைத் தேசிய நினைவகத்தில் பொறிக்கலாமா என்பது முதற்கேள்வி. விபத்துக்கு அவரே பொறுப்பா என்பது அடுத்தது. பிரிட்டனில் முதற்கேள்விக்கு 2007இல் விடை கிடைத்தது. இரண்டாவது கேள்வி, ஒரு குறிப்பிட்ட விபத்தை முன்வைத்து 2011 வரை நீண்டது.

தேதி வகுத்த எல்லை

இரு உலகப்போர்களிலும் மாண்டோரின் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், படையினரைப் பொறுத்தவரை இறப்பின் காரணத்தைப் பார்க்கவில்லை, தேதியையே பார்த்தது. குறித்த காலவரம்புக்குள் பணியில் இருந்தபடி இறந்தவர் குண்டடிபட்டிருந்தாலும், நோயுற்றிருந்தாலும், பயிற்சி விமானம் விழுந்து மாண்டிருந்தாலும் ஒரே மதிப்புதான். இரண்டாம் உலகப்போருக்கான வரம்பு 1947 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதன்பின் இறந்தவர்கள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றனர்.

ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஆல்ரூவாஸ் அருகே 2007 அக்டோபர் 12 அன்று அர்ப்பணிக்கப்பட்ட ஆயுதப்படை நினைவகம் இந்த இடைவெளியை நிரப்பியது. 1948 ஜனவரி 1 முதல் பணியில் உயிர்நீத்த சுமார் 16,000 பேரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. போர், பயங்கரவாதத் தாக்குதல், பயிற்சி, விபத்து என்ற பாகுபாடு அங்கே இல்லை.

கின்டயர்: பதினேழு ஆண்டு வழக்கு

1994 ஜூன் 2 மாலை, வட அயர்லாந்தின் ஆல்டர்குரோவிலிருந்து இன்வர்னெஸ் அருகிலுள்ள ஜார்ஜ் கோட்டைக்குச் சென்ற சினூக் ஹெலிகாப்டர், ஸ்காட்லாந்தின் கின்டயர் முனையில் பனிமூட்டம் சூழ்ந்த குன்றில் மோதியது. நான்கு விமானப்படையினரும், உளவுத்துறையினர் உள்ளிட்ட 25 பயணிகளும் மாண்டனர். விபத்துக் களத்தில் நினைவுக் கற்குவியல் எழுந்தது. பழியோ விமானிகள் இருவர்மேல் விழுந்தது.

விசாரணைக் குழுவால் காரணத்தை உறுதிசெய்ய முடியவில்லை. ஆயினும் அதன் அறிக்கையைப் பரிசீலித்த மூத்த அதிகாரிகள் இருவர், 1995இல் விமானிகளைக் கடும் அலட்சியக் குற்றத்துக்கு ஆளாக்கினர். துளியும் ஐயமில்லாதபோது மட்டுமே இறந்த விமானிமீது அலட்சியம் சுமத்தலாம் என்பது அன்றைய விமானப்படை விதி. ஐயத்துக்கோ பஞ்சமில்லை. ஹெலிகாப்டரில் கறுப்புப்பெட்டி கிடையாது. அந்த வகை சினூக்கின் என்ஜின் கட்டுப்பாட்டு மென்பொருள் குறித்துச் சோதனைப் பிரிவினரே கவலை தெரிவித்திருந்தனர். 1996இல் ஸ்காட்லாந்து நீதி விசாரணை அந்த முடிவை ஏற்கவில்லை. 2002இல் பிரபுக்கள் சபைக் குழு அதை நியாயமற்றது என்றது. பாதுகாப்பு அமைச்சகம் அசையவில்லை. பிலிப் பிரபுவின் மறுஆய்வு 2011 ஜூலை 13 அன்று வெளியானபோதுதான் தீர்ப்பு நீக்கப்பட்டது. அமைச்சர் லியாம் ஃபாக்ஸ் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார்.

குன்னூர் எழுப்பும் வினா

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் சென்ற இந்திய விமானப்படையின் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தனர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி மறைந்தார். 2022 ஜனவரியில் வெளியான முதற்கட்ட முடிவு, இயந்திரக் கோளாறு, நாசவேலை, அலட்சியம் மூன்றையும் விலக்கியது. வானிலை திடீரென மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து, விமானி திசையுணர்வு இழந்ததாகக் கூறியது. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையோ காரணத்தை ‘மனிதத் தவறு’ என வகைப்படுத்தியது.

இவ்விரண்டும் முரண்பட வேண்டியதில்லை: மலைமேகத்துக்குள் கவனமானவரும் தவறலாம். ஆனால் ‘மனிதத் தவறு’ என்ற ஒற்றை வகைப்பாட்டில் தவறும் அலட்சியமும் ஒன்றாகத் தோன்றிவிடுகின்றன. கின்டயரில் அந்த இரண்டையும் பிரித்துக்காட்டப் பதினேழு ஆண்டுகள் ஆயின. ஆகவே அமைதிக்காலத்தில் இறந்தோரின் நினைவேந்தலைக் கல்வெட்டைக் கொண்டு மட்டும் மதிப்பிட இயலாது. விசாரணை அறிக்கையின் சொற்களும் அதன் பகுதியே.