பரிந்துரையாகவே நின்றுபோன பரிகாரம்

கொடுங்கோன்மையோ உள்நாட்டுப் போரோ ஓய்ந்த நாட்டில், கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தாரும் அதே ஊர்களில் தொடர்ந்து வாழ்ந்தாக வேண்டும். குற்றம் புரிந்த அனைவரையும் கூண்டில் ஏற்றும் வலு புதிய அரசுக்கு இருப்பதில்லை. எதுவுமே நடவாததுபோல் கடந்து செல்லும் உரிமையும் அதற்குக் கிடையாது. இந்த இக்கட்டிலிருந்து பிறந்ததே நிலைமாறுகால நீதி. குற்றத்தைச் சட்டமீறலாக மட்டும் பாராமல் மனிதருக்கு நேர்ந்த தீங்காகப் பார்த்து, அந்தத் தீங்கைச் சரிசெய்வதை முதற்கடமையாகக் கொள்ளும் மறுசீரமைப்பு நீதி அதன் உயிர்நாடி. இவை பேசப்படும் இடமெல்லாம் முன்மாதிரியாகக் காட்டப்படும் நாடு தென்னாப்பிரிக்கா. அந்நாடு சாதித்தது பெரிது. ஆயினும் அங்கே குற்றம் செய்தவருக்குரிய பங்கைச் சட்டம் உடனே கொடுத்தது; பாதிக்கப்பட்டவருக்குரிய பங்கை ஆட்சியாளரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இந்தச் சமனின்மை தற்செயலாக நேர்ந்தது அன்று, சட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது. இனி அமையும் எந்த உண்மை ஆணையமும் முதலில் களைய வேண்டிய குறை இதுவே.

நிறவெறி ஆட்சி முடிந்தபின் தென்னாப்பிரிக்காவில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டூ தலைவர். 1960 மார்ச் முதல் 1994 மே வரை நடந்த கொலை, கடத்தல், சித்திரவதை, கொடும் துன்புறுத்தல் ஆகியவை அதன் விசாரணை எல்லை. மனித உரிமை மீறல், பொதுமன்னிப்பு, இழப்பீடு என மூன்று குழுக்கள். 1996 ஏப்ரலில் ஈஸ்ட் லண்டன் நகர மண்டபத்தில் முதல் அமர்வு கூடியது. 1985-இல் பாதுகாப்புப் போலீசார் கடத்திக் கொன்ற கிரடாக் ஊர்ப் போராளிகள் நால்வரில் ஒருவரான ஃபோர்ட் கலாட்டாவின் மனைவி நொமோண்டே கலாட்டா அங்கே சாட்சி சொன்னார். பேச்சின் நடுவே அவர் வெடித்து அழுத அழுகையில் அமர்வையே சிறிது நேரம் ஒத்திவைக்க நேர்ந்தது. சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மடக்கும் நீதிமன்றத்தில் அந்த அழுகைக்கு இடமில்லை. இங்கே அது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாடு முழுவதும் கேட்டது. 21,000-க்கும் மேற்பட்டோர் ஆணையத்திடம் வாக்குமூலம் அளித்தார்கள். எதுவும் தெரியாது என்று வெள்ளையர் சமூகம் சொல்லிக்கொள்வதற்கு அதன்பின் வழியில்லாமல் போயிற்று.

மன்னிப்புக்கு விலையாக உண்மையைக் கேட்டது இச்சட்டத்தின் தனிச்சிறப்பு. லத்தீன் அமெரிக்க ராணுவ ஆட்சிகள் தமக்குத் தாமே மொத்தமாக மன்னிப்பு வழங்கிக்கொண்டதைப் போலன்றி, இங்கே ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். செயல் அரசியல் நோக்கம் கொண்டதாக இருக்க வேண்டும். நடந்ததை முழுமையாகச் சொல்ல வேண்டும். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் மன்னிப்புப் பெற்றவை சிறு பகுதி மட்டுமே. ஃபிலா ந்த்வாண்ட்வே என்ற இளம் விடுதலைப் போராளி 1988-இல் ஸ்வாசிலாந்திலிருந்து கடத்தப்பட்டார். அவருக்கு என்ன ஆயிற்று என்பது குடும்பத்தாருக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கோரிய காவலர்கள் வாய்திறந்த பிறகே, 1997-இல், குவாசுலு-நட்டால் பண்ணை ஒன்றில் அவர் உடல் தோண்டியெடுக்கப்பட்டது. எவ்வளவு வதைத்தும் அவர் காட்டிக்கொடுக்க மறுத்ததும் கொன்றவர்களின் வாக்குமூலத்திலேயே வெளிப்பட்டது. சாட்சியே இல்லாத கொலைகளில் வழக்கமான விசாரணை இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்காது.

ஆனால் இந்த உடன்படிக்கையின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். பொதுமன்னிப்புக் குழுவின் முடிவு சட்டப்படி கட்டுப்படுத்தும் தீர்ப்பு. அறிவிக்கப்பட்ட அன்றே குற்றவழக்கும் உரிமையியல் வழக்கும் ஒருசேர அற்றுப்போகும். இழப்பீட்டுக் குழுவுக்கோ பரிந்துரைக்கும் அதிகாரம் மட்டுமே. போலீஸ் காவலில் கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார் உள்ளிட்டோர் இந்தப் பொதுமன்னிப்பை எதிர்த்து அரசமைப்பு நீதிமன்றம் சென்றனர். 1996-இல் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. இழந்த வழக்குரிமைக்கு ஈடாக அரசு வழங்கவிருக்கும் பரிகாரத்தையும் தன் காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது. அந்தப் பரிகாரம் என்ன ஆயிற்று? பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குச் சுமார் 17,000 முதல் 23,000 ராண்டு வரை ஆறு ஆண்டுகள் தர வேண்டும் என்பது ஆணையத்தின் 1998 அறிக்கையின் பரிந்துரை. அவசர உதவியாகக் கிடைத்த சிறுதொகையைத் தவிர வேறெதுவும் இன்றி, பாதிக்கப்பட்டவர்கள் 2003 வரை காத்திருந்தார்கள். அப்போது அரசு அறிவித்தது ஒரே தவணையில் 30,000 ராண்டு. பரிந்துரையின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிறவெறியால் கொழித்த நிறுவனங்கள்மீது சிறப்பு வரி விதிக்கும் யோசனையும் நிராகரிக்கப்பட்டது. இழப்பீட்டுக்கென வைத்த நிதியில் நூறு கோடி ராண்டுக்கும் மேல் நெடுங்காலம் செலவழிக்கப்படாமலே கிடந்தது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. பொதுமன்னிப்பு இல்லாமல் ஆட்சிமாற்றமே நடந்திராது, படையும் போலீசும் பழைய ஆட்சியின் கையில் இருந்தன என்பது முதலாவது. உண்மைதான், 1993 இடைக்கால அரசமைப்பிலேயே அந்த வாக்குறுதி எழுதப்பட்டது. ஆனால் மன்னிப்பு தவிர்க்க முடியாதது என்பதிலிருந்து இழப்பீடு தள்ளிப்போடத்தக்கது என்ற முடிவு எப்படி வரும்? இரண்டும் ஒரே பேரத்தின் இரு பக்கங்கள். ஏழை அரசு வீடும் குடிநீரும் மின்சாரமும் எல்லோருக்கும் தருவதே பெரிய பரிகாரம் என்பது இரண்டாவது. குடிநீர் குடிமகனுக்குரியது, மகனைப் பறிகொடுத்த தாய்க்கும் உண்டு, பறித்தவனுக்கும் உண்டு. தீங்குக்கு உரிய ஈட்டை அதில் கரைத்துவிட்டால், தீங்கு நடந்ததாகவே அரசு ஒப்பவில்லை என்றுதான் பொருள். மூன்றாவதாக, விடுதலைக்காகப் போராடியவர்கள் காசுக்காகப் போராடவில்லை என்றார்கள். அந்தத் தியாகத்துக்குத் தலைவணங்கலாம். ஆனால் சம்பாதித்துப் போட்டவரை இழந்த வீட்டின் வறுமைக்கு அது மறுமொழி ஆகாது.

பரிந்துரையின் கதியே வழக்குகளுக்கும் நேர்ந்தது. மன்னிப்பு மறுக்கப்பட்டவர்கள்மீதும், கேட்கவே வராதவர்கள்மீதும் வழக்குத் தொடர வேண்டும் என்பது உடன்படிக்கையின் மறைமுக நிபந்தனை. அந்த அச்சம் இல்லையென்றால் உண்மை சொல்ல எவர் முன்வருவார்? ஆணையம் சுமார் 300 வழக்குகளை அரசுத் தரப்பிடம் ஒப்படைத்தது. விசாரணைக்கு வந்தவை மிகச் சில. கிரடாக் நால்வர் கொலையில் ஆறு முன்னாள் போலீசாருக்கு 1999-இல் மன்னிப்பு மறுக்கப்பட்டது. ஆனாலும் எவர்மீதும் வழக்கு நடக்கவில்லை. அந்த ஆறு பேரும் இறந்தபின், 2025-இல்தான் மரண விசாரணை மீண்டும் தொடங்கியது. அரசியல் தலையீட்டால் வழக்குகள் முடக்கப்பட்டனவா என்று ஆராயக் குடியரசுத் தலைவர் ராமபோசா அதே ஆண்டில் தனி ஆணையம் அமைக்க வேண்டிவந்தது.

தனிமனிதருக்கு நேர்ந்தது இதுவென்றால் சமூகங்களுக்கு நேர்ந்தது இன்னும் ஆழமானது. 1960-க்கும் 1983-க்கும் இடையே சுமார் 35 லட்சம் பேர் தம் நிலங்களிலிருந்தும் குடியிருப்புகளிலிருந்தும் பெயர்த்தெறியப்பட்டார்கள். நிறவெறியின் நடுமையம் அதுதான். ஆயினும் கொலையும் சித்திரவதையும் மட்டுமே விசாரணை எல்லைக்குள் வந்ததால், ஊரையே இழந்தவர் அச்சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவர் ஆகவில்லை. கொடுமையைச் செய்த சிலரையும் எதிர்த்த சிலரையும் மட்டும் பார்த்த ஆணையம், அந்த அமைப்பால் ஆதாயம் அடைந்தவர்களைப் பார்க்கத் தவறியது என்று அறிஞர் மஹ்மூத் மம்தானி சுட்டிக்காட்டியது இதைத்தான். நிலமீட்புக்கு வேறு சட்டம் 1994-இல் வந்தது உண்மை. ஆனால் அது தனித் தடத்தில் மெல்ல நகர்ந்தது, நல்லிணக்கப் பேச்சோடு சேரவில்லை.

இந்தப் பாடம் நமக்கு மிக அருகில் தேவைப்படுகிறது. இலங்கை அமைச்சர்கள் 2023-இல் தென்னாப்பிரிக்கா சென்று இம்முறையைப் பார்த்து வந்தார்கள். 2024 ஜனவரியில் உண்மை ஆணையத்துக்கான சட்ட வரைவு வெளியாயிற்று. உள்நாட்டுப் போரில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களோ 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரத்தில் போராடி வருகிறார்கள். 2022-இல் அரசு குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் தர முன்வந்தபோது அவர்கள் மறுத்தார்கள். பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லாமல் நீட்டும் பணம், கேள்வியை அடைக்கும் பணம் என்று கண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் உண்மை வந்தது, ஈடு வரவில்லை; இலங்கையில் ஈடு வருகிறது, உண்மை வரவில்லை. உண்மை, ஈடு, பொறுப்பேற்பு மூன்றில் எதையும் தனியே பிரித்துத் தர முடியாது என்பதையே இரு அனுபவங்களும் காட்டுகின்றன.

ஆகவே சட்டம் எழுதப்படும்போதே சில ஏற்பாடுகள் அதில் இருந்தாக வேண்டும். இழப்பீட்டுக் குழுவின் முடிவுக்கு, மன்னிப்புக் குழுவின் முடிவுக்குள்ள அதே கட்டுப்படுத்தும் வலு வேண்டும். ஈடு கைக்குச் சேரும்வரை பாதிக்கப்பட்டவரின் வழக்குரிமை அற்றுப்போகக் கூடாது. உண்மை சொல்ல வராதவர்மீது வழக்குத் தொடரத் தன்னாட்சி உடைய அதிகாரியும் காலவரம்பும் தேவை. நிலமும் ஊரும் பறிபோனதும் தீங்கின் வரையறைக்குள் வர வேண்டும். மன்னிக்கும் பெருந்தன்மை பாதிக்கப்பட்டவருக்கே உரியது. அதை அரசு அவரிடம் கேட்கலாம், ஆனால் அவருக்குரியதைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.