வாப்பாவின் வட்டாவும் புகையிலை இல்லாத வெற்றிலையும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வெற்றிலை போடும் ஒருவர் இருந்தால் நேரம் எடுத்து வாசியுங்கள்.

எங்கள் வீட்டு முன் விறாந்தையில் ஒரு பித்தளை வட்டா இருக்கிறது. வாப்பும்மாவின் சீதனமாக வந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பாக்குவெட்டி எல்லாம் அதற்குள்தான். வாப்பும்மா மௌத்தான பிறகு வாப்பா அதைக் கையில் எடுத்தார். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

போன நோன்பு காலத்தில்தான் கவனித்தேன். நோன்பு திறக்கும்போது கஞ்சியில் இஞ்சி கூடிவிட்டது என்று கோப்பையைத் தள்ளி வைத்தார். வாய் எரிகிறதாம். வாயைத் திறக்கச் சொல்லி போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். வலது கன்னத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைப் படலம். துடைத்தால் போகவில்லை.

"டொக்டரிட்ட போவோம் வாப்பா."

"எனக்கென்ன மகன்? நான் பொயில போடுறல்லயே. வெறும் வெத்திலதானே."

இந்த ஒரு வசனத்துக்குப் பதில் தேடித்தான் நான் வரலாற்றுக்குள் போனேன். பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவன் வேறு எங்கே போவது?

அந்த வெள்ளைப் படலத்துக்குப் பெயர் வைத்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. 1877இல் புடாபெஸ்ட் நகரத் தோல் வைத்தியர் ஷ்விம்மர் அதை 'லூக்கோபிளாக்கியா' என்று அழைத்தார். வெள்ளைத் தகடு என்பதுதான் பொருள். ஐரோப்பாவில் சுருட்டும் பைப்பும் பிடித்தவர்களின் வாயில் வைத்தியர்கள் கண்டதும் இதைத்தான்.

நமது பக்கத்துக் கதை தொடங்குவது தெற்குத் திருவிதாங்கூரில். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே வேலை செய்த பென்டல் என்ற வைத்தியர் 1908இல் 1,700 புற்றுநோயாளர்களின் விபரத்தை ஒரு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். அவ்வளவு பேரை ஒரே கிராமத்து ஆஸ்பத்திரி கண்டிருக்கிறது என்பதே வெளியுலகுக்குப் புதினமாக இருந்திருக்கும். 1933இல் அதே பகுதியைப் பற்றி எழுதிய ஓர் என்ற வைத்தியர், வெற்றிலை போடுபவர்களின் வாய்ப்புற்றை நேரடியாகவே தலைப்பாக வைத்தார்.

இதில் நமது நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. யாழ்ப்பாணப் புகையிலைக்கு நீண்டகாலம் பெரிய சந்தையாக இருந்தது இந்தத் திருவிதாங்கூர்தான். பாக்கும் அப்படித்தான். கண்டி ராச்சியத்துப் பாக்கை மாட்டுத் தவளங்களில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தவர்களில் நம்மவர்கள் முக்கியமானவர்கள். போகும்போது உப்பும் புடவையும், வரும்போது பாக்கு. அந்தப் பாக்கு கடல் தாண்டித் தென்னிந்தியாவுக்குப் போனது. நமது மூதாதையர் சோறு சாப்பிட்ட வியாபாரம் இது. குற்றம் சொல்ல எழுதவில்லை. பாக்கு நோய் தரும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

வெகுகாலம் எல்லோரும் புகையிலையையே குற்றவாளியாகப் பார்த்தார்கள். வாப்பாவின் வாதம் அந்தக் காலத்து வாதம்.

1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களின் வாயின் உட்தோல் இறுகி, வாய் திறக்க முடியாமல் போயிருந்தது. அடுத்த வருடம் பம்பாயில் ஜோஷி என்ற வைத்தியர் இதே நோயை விபரித்தார். முதலில் காரத்துக்கு வாய் எரியும். பிறகு கன்னம் பலகை போல இறுகும். கடைசியில் மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்க முடியாது. இதற்கு முதன்மைக் காரணம் பாக்கு என்பது பின்னர் தெளிவானது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள் தோலுக்கடியில் நாரைப் பெருக்கிவிடுகிறது.

கேரளத்தின் எர்ணாகுளத்தில் இந்த நோயுள்ள 66 பேரை 17 வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 5 பேருக்குப் புற்று வந்தது. நூற்றுக்கு ஏழெட்டுப் பேர். மீதி 61 பேருக்கு வரவில்லை என்பதும் உண்மை. அந்த ஐந்தில் நமது ஆள் இருப்பாரா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒழுங்காகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி வாப்பாவின் வசனத்துக்கு நேரான பதில். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985இல் புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று அறிவித்தது. புகையிலை இல்லாத வெற்றிலை பற்றி முடிவு சொல்ல அன்று சான்று போதவில்லை. 2004இல் வெளிவந்த அறிக்கையில் அந்த முடிவும் வந்துவிட்டது. புகையிலை இல்லாத வெற்றிலையும் புற்றை உண்டாக்கும். பாக்குத் தனியாகவே உண்டாக்கும்.

2016இல் மெல்லும் புகையிலைப் பொருட்களை நமது நாட்டில் தடை செய்தார்கள். நல்லது. ஆனால் பாக்கு இன்னும் எல்லாக் கடையிலும் தொங்குகிறது. இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்று.

கவலைப்படுத்துவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. இதே வரலாற்றில் நமது நாடு பெருமைப்படவும் ஓர் இடம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் மற்றவர்களும் மத்திய இலங்கையில் சாதாரண சுகாதார ஊழியர்கள் 34 பேருக்கு வாயைப் பரிசோதிக்கப் பழக்கினார்கள். ஒரே வருடத்தில் 28,000க்கும் அதிகமானோரின் வாயை அவர்கள் பார்த்து முடித்தார்கள். அவர்கள் சந்தேகப்பட்டு அனுப்பியவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. வெளிச்சமும் பழகிய கண்ணும்தான். ஆனால் அனுப்பப்பட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வைத்தியரிடம் போகவே இல்லை.

அந்தப் பாதியை வாசித்தபோது எனக்கு வாப்பாவின் முகம்தான் வந்தது.

போகாமல் விடுவதன் விலை என்ன? திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்றின் முடிவு 2005இல் வந்தது. புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களின் வாயை இடைக்கிடை பரிசோதித்த பகுதிகளில், அவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இதையெல்லாம் ஒரு நாள் அசருக்குப் பிறகு வாப்பாவிடம் சொன்னேன். பாக்குவெட்டியைக் கையில் வைத்தபடியே கேட்டார். 1985, 2004 என்று சொன்னபோது, "அப்ப நான் படிச்சது பழைய பாடம் எண்டு சொல்றாய்" என்றார். ஆமாம் வாப்பா, பாடப்புத்தகம் மாறிவிட்டது.

அடுத்த கிழமை அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை. கலங்களில் சிறிய மாற்றம் இருக்கிறது, பாக்கை நிறுத்த வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்றார்கள். வாப்பா நிறுத்திவிட்டார் என்று எழுத ஆசைதான். குறைத்திருக்கிறார். இப்போது வட்டாவில் கராம்பும் ஏலமும் இருக்கிறது. நான் இல்லாத நேரம் என்ன நடக்கிறது என்று உம்மாதான் சொல்வார்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இன்றிரவு வீட்டில் வெற்றிலை போடுபவரின் வாயைப் போன் லைட்டில் ஒரு தடவை பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளை, அதைவிட ஆபத்தான சிவப்புப் படலம், இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், காரத்துக்கு எரிவு, மூன்று விரல் போகாத வாய். இதில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் காசு இல்லை.

"நான் பொயில போடுறல்லயே" என்று சொன்னால், 2004ஐச் சொல்லுங்கள்.