எருக்குழி முதல் குப்பைத் தொட்டி வரை

தமிழ்நாட்டு விவசாயிகள் "வயலுக்குக் குப்பை அடித்தாயிற்றா?" என்று கேட்டுக்கொள்வார்கள். அங்கே குப்பை என்றால் எரு. வீட்டுக் கொல்லையில் ஒரு எருக்குழி இருக்கும். சாணம், சாம்பல், காய்கறித் தோல், இலைதழை எல்லாம் அதில்தான் விழும். கோடையில் குழியை வெட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி, வயலில் இறைப்பார்கள். அந்தக் குழியிலும் நாற்றம் இருந்தது. ஆனால் அதற்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரமும் ஏரியும் வயலுமாக இருந்த பகுதிதான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. ஆலைகளைத் தொடர்ந்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அடுக்குமாடியில் கொல்லை கிடையாது. எருக்குழியின் இடத்தில், வாசல் ஓரம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குப்பைத் தொட்டி வந்தது.

அந்தத் தொட்டி ஏன் நாறுகிறது? சோறு, குழம்பு, மீன் கழிவு, பழத்தோல் ஆகியவை பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வீசப்படுகின்றன. பைக்குள் காற்று புகுவதில்லை. காற்று இல்லாத இடத்தில் வளரும் கிருமிகள் அந்த ஈரக் குப்பையை அழுக வைக்கின்றன. அப்போது வெளிவரும் கந்தக வாயுக்கள்தான் மூக்கைத் துளைக்கின்றன. சென்னைப் பக்கத்து வெயில் இந்த வேலையை இன்னும் வேகமாக்குகிறது. ஒரு வீட்டில் நாளுக்கு ஒரு கிலோ ஈரக் குப்பை என்று வைத்துக்கொண்டால், 60 வீடுகளுக்கு 60 கிலோ. மூன்று நாள் வண்டி வராவிட்டால் 180 கிலோ. மூன்றாம் மாடிக்காரர் போட்ட பையின் நாற்றத்தைத் தொட்டிக்கு அருகே உள்ள தரைத்தள வீட்டுக்காரர் அனுபவிக்கிறார். போடுபவர் ஒருவர், துன்பப்படுபவர் வேறொருவர் என்பதுதான் பொதுத் தொட்டியின் அடிப்படைச் சிக்கல்.

இது புதிய சிக்கல் அல்ல. பாரிஸ் நகர நிர்வாகியாக இருந்த யூஜீன் புபெல் 1883-ல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு கட்டடத்தின் உரிமையாளரும் குடியிருப்போருக்கு மூடியுள்ள தொட்டி வைக்க வேண்டும் என்றது அந்த ஆணை. அழுகும் பொருளுக்கு ஒன்று, காகிதம், துணிக்கு ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று என்று மூன்று வகை. தொட்டி பாரிஸில் நிலைத்தது. தரம் பிரிப்பது நிலைக்கவில்லை. பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

சென்னையில் நெடுங்காலம் தெருமுனையில் கிணற்று உறை போன்ற சிமெண்ட் தொட்டிகள் இருந்தன. வீட்டிலிருந்து தொட்டி வரை மக்கள் பொறுப்பு, தொட்டியிலிருந்து மாநகராட்சி பொறுப்பு. இடையில் சிந்தியதற்கு யாரும் பொறுப்பில்லை. 1989-ல் வங்கி அதிகாரி எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் இந்த இடைவெளியைத்தான் குறிவைத்தது. தெருவாசிகள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு ஓர் ஊழியரை நியமித்தார்கள். அவர் மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாக வந்து குப்பை வாங்கினார். தெருவுக்கு ஒரு சங்கம், கணக்கு, கேள்வி கேட்க ஆள் என்று எல்லாம் வந்தன. ஆனால் வண்டியில் சேர்ந்ததை மாநகராட்சி லாரி அன்றன்றே எடுத்துச் சென்றால்தான் திட்டம் நிற்கும். தெருவின் பொறுப்பு எங்கே முடிகிறதோ, அங்கே குப்பை மீண்டும் தேங்கியது.

1994 செப்டம்பரில் சூரத்தில் பரவிய பிளேக் நாட்டையே உலுக்கியது. 1996-ல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் குப்பை பற்றிப் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2000-ல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மறுசுழற்சிக்கு வெள்ளை, மற்றவைக்குக் கறுப்பு என்றன விதிகள். பாரிஸ் ஆணைக்கு ஏறத்தாழ 117 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் மூன்று தொட்டி!

அதே 2000-ல் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ளும் பணி ஓனிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சீருடையும் புதிய வண்டிகளும் வந்தன. "ஓனிக்ஸ் வண்டி" என்பது பேச்சு வழக்கே ஆனது. ஒப்பந்தம் 2007-ல் முடிந்தது. அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பணம் டன் கணக்கில் தரப்பட்டது. எடைக்குக் கூலி என்றால் குப்பை குறைவதில் யாருக்கும் லாபம் இல்லை. ஈரக் குப்பைதான் எடை அதிகம். அது கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போய்ச் சேர்ந்தது. நாற்றம் தெருமுனையிலிருந்து நகரின் ஓரத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். அங்கும் மக்கள் வசிக்கிறார்கள்.

2000-ம் ஆண்டு விதிகள் நகராட்சி அமைப்புகளுக்கே பொருந்தின. ஒரகடம் பாதையில் பல ஊர்கள் கிராம ஊராட்சிகள். எருக்குழிக் காலத்துக்கு ஏற்ற அமைப்பின் மீது ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் குப்பை விழுந்தது. 2016-ல் வந்த புதிய விதிகள் நகராட்சி எல்லையைத் தாண்டி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரங்களையும் தொழில் நகரியங்களையும் சேர்த்துக்கொண்டன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்றும் கூறின. சுற்றிச் சுற்றி எருக்குழியே சட்டமாகத் திரும்பி வந்தது!

எல்லோரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார் என்பார்கள். தொட்டிக்கு மருந்து தெளிப்பதும், பிளீச்சிங் பவுடர் போடுவதும், தொட்டியை அடுத்த வீட்டு வாசலுக்குத் தள்ளுவதும் ஒருநாள் தீர்வு. ஈரக் குப்பையைப் பையில் கட்டாமல் தனியாகக் கொடுப்பது, மூடியுள்ள தொட்டி வைப்பது, காய்ந்த இலையோ தேங்காய் நாரோ கலந்து காற்றுப் புகும் தொட்டியில் உரமாக்குவது, குப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் உரிய சம்பளமும் உறுதி செய்வது ஆகியவைதான் நிலையான தீர்வு. இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. "இது எங்கள் குப்பை" என்று சொல்ல ஒரு சங்கமும், அன்றாடம் கவனிக்க ஓர் ஆளும் வேண்டும். கொல்லைப்புற எருக்குழிக்கு அந்த ஆள் இருந்தார். வாசலில் இருக்கும் தொட்டிக்கும் ஒருவர் வேண்டும்.